சிறைக்குள் படிப்பு, வெளியே பிழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சிறைகளில் படிக்கிறவர்களின் குடும்பத்தார், அவர்களுக்கு வேலை கொடுக்க நினைக்கிறவர்கள், உள்ளே போய்ப் பாடம் நடத்த விரும்புகிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஒரு மத்திய சிறையில் தன்னார்வ ஆசிரியராகப் பாடம் எடுப்பவன். அதிகாரி அல்லன், வழக்கறிஞரும் அல்லன். சட்டம் பற்றிய பதில்களை உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிறைக்குள் என்னென்ன படிக்க முடியும்?

எழுத்தறிவில் தொடங்கி முதுகலைப் பட்டம் வரை படிக்கலாம். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். பொதுத்தேர்வுக் காலத்தில் மத்திய சிறைகளுக்குள்ளேயே தேர்வு மையம் அமைகிறது. கல்லூரிப் படிப்புக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சிறைக்குள் படிப்பு மையம் திறக்கும் வழக்கத்தை இக்னோ 1994இல் தில்லி திகார் சிறையில் தொடங்கியது. தொழிற்கல்வி என்றால், திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே ஐ.டி.ஐ. நடக்கிறது.

மாநிலத்தில் மத்திய சிறைகள் ஒன்பது: புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. எல்லாவற்றிலும் எல்லாப் படிப்பும் கிடைக்காது. கிளைச் சிறைகளில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

பணம் கட்ட வேண்டுமா?

இக்னோவில் சிறைவாசிகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. சேர்வதற்குச் சிறை நல அலுவலரிடம் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் வீட்டில் தேடி எடுத்துத் தருவது குடும்பத்தாரின் வேலை. பலருடைய படிப்பு இந்த இடத்திலேயே ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

என் மகன் விசாரணைக் கைதிதான், தண்டனை ஆகவில்லை. அவனும் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் நடைமுறைச் சிக்கல் அதிகம். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கு வழக்கே முடியவில்லை. பாடத்திட்டங்களோ, தண்டனை பெற்றுப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்பவரை மனத்தில் வைத்து அமைந்தவை. விசாரணைச் சிறைவாசி இன்று வகுப்பில் இருப்பார், நாளை வாய்தாவுக்குப் போவார், அடுத்த வாரம் ஜாமீனில் வெளியே போய்விடுவார். அல்லது ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று தெரியாதவருக்குப் பாடத்தில் மனம் ஒட்டுவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, எந்த இடத்தில் நின்றாலும் கையில் ஏதாவது மிஞ்சுகிற படிப்பு. வங்கிப் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டவர் மறுநாளே ஜாமீனில் போனாலும் அது அவரோடு போகும். பட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் வெளியே போகும்போது பதிவு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். இக்னோவில் படிப்பு மையத்தை ஊருக்கு அருகில் மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதை உள்ளே யாரும் வலிந்து சொல்வதில்லை. எனவே நீங்கள் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாக: 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், இப்போதைய குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனுக்கு உரியவர் ஆகிறார். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் கிடைக்காது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எழுதப் படிக்கவே தெரியாதவருக்கு என்ன நடக்கும்?

இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எழுத்து தெரியாது. உள்ளே வந்த நாளிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து இருக்கிறார். வக்கீலுக்குக் கடிதம், கேன்டீன் சீட்டு, விடுப்பு (பரோல்) விண்ணப்பம் எதையும் அவரால் தனியாக எழுத முடியாது. எழுதிக் கொடுப்பவருக்குப் பீடிக்கட்டோ பிஸ்கட்டோ போகும்.

முதியோர் பாடப்புத்தகத்தில் இருக்கிற ‘அம்மா, ஆடு’ இவர்களிடம் எடுபடாது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பல வாரம் வகுப்பில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவருடைய வழக்குத் தாளைக் கொண்டுவரச் சொல்லி, அதில் அவர் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தேடச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அடுத்துத் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, சட்டப்பிரிவு எண் என்று போனார். அந்தத் தாளில் இருந்த எழுத்துகளே அவருக்கு அரிச்சுவடி ஆயின. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், பிறகு விடுப்பு மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காயும்வரை தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

திகாரில் படித்த சிறைவாசிகள் படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. நம் ஊரிலும் நன்றாக நடக்கிற வகுப்புகளின் பின்னால் அப்படி ஒரு சிறைவாசி ஆசிரியர் இருப்பார். என்னைப் போல வாரம் ஒருமுறை வந்துபோகிறவனைவிட அவருடைய வகுப்புத்தான் நிலைக்கிறது.

படித்தால் தண்டனை குறையுமா?

இதைத்தான் எல்லாக் குடும்பங்களும் முதலில் கேட்கின்றன. இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேடு, கல்வியில் தேறுவதையும் பிறருக்குக் கற்பிப்பதையும் சிறப்புத் தண்டனைக் குறைப்புக்கு உரிய காரணங்களாகக் கருதுகிறது. மகாராஷ்டிரத்தில் தேர்வில் தேறினால் இத்தனை நாள் என்று கணக்கே உண்டு. நம் மாநிலத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன பொருந்தும் என்பதைச் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உள்ளிருப்பவர்கள் சொல்லும் வாய்க்கணக்கை நம்பி நாள் எண்ணாதீர்கள்.

பிரேசிலில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 மணி நேரப் படிப்புக்கு ஒரு நாள் கழியும். அதற்கு மேல், ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால் நான்கு நாள், ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம் வரை. அப்படியானால் வருடத்துக்கு 48 நாள்! நம் சிறை நூலகங்களில் தூங்கும் அலமாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

நம்மூரில் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன். வேலூர் சிறையிலிருந்து 2012இல் பிளஸ் டூ எழுதி 1,200க்கு 1,096 மதிப்பெண் பெற்றார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, விடுதலைப் பரிந்துரையில் ஆளுநர் முடிவெடுக்காமல் தாமதித்ததே வழக்கின் மையமாக இருந்தது. ஆனாலும் சிறையில் அவர் பெற்ற கல்வித் தகுதிகளும் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டன. படிப்பு கதவைத் திறந்தது என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறக்கலாமா என்று ஒருவர் யோசிக்கும்போது அதுவும் தாளில் இருந்தது.

படித்தவர்கள் திரும்பச் சிறைக்கு வருவதில்லை என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் அளவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறையில் கல்வித் திட்டத்தில் பங்கேற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்கிச் சிறை திரும்பும் வாய்ப்பு, பங்கேற்காதவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்று அது சொன்னது. மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லி, நூற்றுக்கு 43 பேர் திருந்திவிடுகிறார்கள் என்று பேசுகிறார்கள். அது தவறு. அதே ஆய்வு நேர்க்கணக்கில் சொன்ன வித்தியாசம் சுமார் 13 சதவீதப் புள்ளிகள். மேலும், வகுப்புக்குத் தாமாக வருகிறவர் ஏற்கெனவே மாற நினைப்பவராக இருக்கலாம். எவ்வளவு படிப்பின் பலன், எவ்வளவு அவருடைய மனத்தின் பலன் என்று பிரிப்பது கடினம். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், கல்விக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் மூன்று ஆண்டுகளில் மறுசிறைச் செலவில் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்கள் கணக்கு.

அந்த அமெரிக்காவே 1994இல் சிறைவாசிகளுக்கான ‘பெல்’ கல்வி உதவித்தொகையை நிறுத்தியது. நூற்றுக்கணக்கில் நடந்த சிறைக் கல்லூரித் திட்டங்கள் சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. 2015இல் சோதனை முயற்சியாகச் சில இடங்களில் திரும்பக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில்தான் முழுமையாகத் திரும்பியது. ஏறக்குறைய முப்பது வருடம்! இடைப்பட்ட காலத்தில் உள்ளே போய் வெளியே வந்த தலைமுறைக்கு யார் பதில் சொல்வது?

கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் போதாதா? பட்டம் எதற்கு?

கைத்தொழில் நல்லதுதான். கோவைச் சிறையில் நூற்பும் நெசவும், வேலூரில் காலணித் தயாரிப்பும் நெடுங்காலமாக நடக்கின்றன. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் சிறைவாசிகள் வேலை செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் திறக்கப்பட்டது. கல்லாவில் உட்கார்ந்து பொதுமக்களிடம் பணம் வாங்கிச் சில்லறை எண்ணிக் கொடுப்பது பெரிய பயிற்சி. பூட்டுக்குள் இருந்தவரை அந்நியர் ஒருவர் நம்பிப் பணம் நீட்டுகிறார்.

ஆனால் உள்ளே ஓடும் தறியோ இயந்திரமோ வெளியே எந்த ஊரில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சொந்த ஊரில் இல்லாத தொழிலைக் கற்றவர் ஊரை விட்டுப் போனால்தான் பிழைப்பு. அதனால் நான் சொல்வது: எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், தையல் மாதிரி எந்தப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் வேலை கிடைக்கிற தொழில் முதலில், அதோடு சேர்த்து பத்தாம் வகுப்பு. டிரைவர் வேலைக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு இருந்த அந்த நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது.

சான்றிதழில் ‘சிறை’ என்று அச்சாகுமா?

பொதுத்தேர்வை எழுதுவது தனித்தேர்வராகத்தான். பட்டமும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். கவனிக்க வேண்டியது முகவரி. விண்ணப்பிக்கும்போதே நிரந்தர முகவரியாக வீட்டு விலாசத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆள் விடுதலையான பிறகு சான்றிதழ் சிறைக்குப் போய், அங்கே ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். அதை வாங்க அவர் மறுபடி அந்த வாசலுக்குப் போக வேண்டும். போகமாட்டார்.

வெளியே வந்த முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். உள்ளே எத்தனை வருடம் படித்தார் என்பதைவிட, வெளியே வந்த முதல் சில வாரங்களில் யார் கையில் சிக்கினார் என்பதே பலருடைய திசையைத் தீர்மானிக்கிறது.

பெரும்பாலும் விடுதலை மாலையில்தான் நடக்கும். உத்தரவு வந்து, பதிவேட்டைச் சரிபார்த்து, உடைமைகளைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்து வெளியே விடும்போது இருட்டிவிடும். கையில் ஒரு பை. உள்ளே அணைந்துபோன போன், செத்துப்போன சிம் கார்டு, பிடிபட்ட அன்று போட்டிருந்த சட்டை. இப்போது தொப்பையோ எலும்போ, அந்தச் சட்டை பொருந்தாது. வாசலில் வீட்டாள் யாரும் இல்லாவிட்டால், அதே பிளாக்கில் இருந்து முன்பே வெளியே போன ஒருவன் பைக்கோடு நிற்பான். ராத்திரி தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவன் செலவு. அந்தக் கடனை அவன் பணமாகக் கேட்பதில்லை.

ஆகவே முதல் வேலை, வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். அண்ணனோ மச்சானோ யாராவது. பகை இருந்தாலும் அன்று மட்டுமாவது.

அடுத்தது ஆவணங்கள். ஆதாரோ வேறு அடையாள ஆவணமோ இல்லாமல் சிம் கிடையாது, வங்கி கிடையாது, லாட்ஜில் அறைகூட கிடையாது. சிறைச் சேர்க்கை ஆவணத்தையே ஏற்றுக்கொண்டு உள்ளேயே ஆதார் பதிவு செய்ய வழி இருக்கிறது. விடுதலைக்குச் சில மாதம் முன்பே நல அலுவலரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருந்தால் திரும்பச் சேர்க்க விண்ணப்பியுங்கள். பிறகு நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கத்தில் மறுவாழ்வு நிதி கேட்கலாம். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி வண்டி, பெட்டிக்கடை மாதிரி சிறு தொழில் தொடங்க அது உதவும். மனு போட்ட மறுநாளே பணம் வராது. நடையாக நடக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நார்வேயில் சிறைக்குள் பாடம் நடத்துவது சிறைத்துறை அல்ல, வெளியே இருக்கும் வட்டாரப் பள்ளி. ஆசிரியர் அந்தப் பள்ளியின் ஊழியர். விடுதலையானவர் தெரியாத இடத்துக்குப் போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அறிமுகமான பள்ளியிலேயே தொடரலாம். நம் திட்டங்களில் இந்த ஓர் இணைப்புத்தான் இல்லை. உள்ளே சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கும் வெளியே வந்த மாணவருக்கும் இடையே எந்த ஏற்பாடும் கிடையாது. புதுக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யலாம். செலவும் குறைவு.

வேலை விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கேட்டால் மறைக்காதீர்கள். அரசுப் பணி பற்றி உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் 2016இல் சொன்னது இதுதான்: கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும், மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகலாம். உண்மையைச் சொன்னால் வேலை உறுதி என்று பொருளில்லை. ஆனால் அற்பமான வழக்கைப் பெரிதுபடுத்தாமல் விட அதிகாரிக்கு இடமிருக்கிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழே நடந்த குற்றத்துக்குச் சிறார் நீதிக் குழுமம் விசாரித்து முடித்திருந்தால் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. பதினாறு வயதைக் கடந்து கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. சிறைத் தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்களுக்கும் 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதே மாதிரிப் பாதுகாப்பு தருகிறது.

சட்டம் படித்து வழக்கறிஞராக ஆசைப்படுகிறவர்கள் உள்ளே நிறையப் பேர். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் பதிவு செய்ய முடியாது. ஆனால் விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை நீங்கும் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவே சொல்கிறது.

ஓட்டுப் போடலாமா?

உள்ளே இருக்கும்போது முடியாது, தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளியே வந்துவிட்டால் போடலாம்.

குற்றம் செய்தவனுக்கு இலவசப் படிப்பு, என் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கல்லூரி. இது என்ன நியாயம்?

கோபம் நியாயமானது. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். அவர்களிடம் புள்ளிவிவரம் பேசமாட்டேன். மற்றவர்கள் கேட்டால் ஒன்று சொல்வேன். உங்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதிகமாக இருப்பதற்குச் சிறைவாசியின் அஞ்சல்வழிப் பாடப்புத்தகம் காரணமல்ல. தண்டனை என்றாவது முடியும். அன்று அவர் இறங்கப்போவது ஏதோ ஒரு தெருவில். அது உங்கள் தெருவாகவும் இருக்கலாம். கையில் தொழிலோடு இறங்குவது நல்லதா, வெறுங்கையோடு இறங்குவது நல்லதா?

பெண் சிறைவாசிகளுக்கு எப்படி?

எண்ணிக்கை குறைவு என்பதாலேயே வாய்ப்பும் குறைவு. தையலும் அழகுக்கலையும் தாண்டி யோசிப்பதில்லை. ஆறு வயது வரை குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ளலாம் என்பதால், வகுப்பு நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால்தான் தாய் வர முடியும். ஆண் சிறைவாசியை மனு போட்டுப் பார்க்க மனைவி வருகிறார், அம்மா வருகிறார். பெண் சிறைவாசியைப் பார்க்கக் கணவர் வருவது அரிது. மேலே சொன்ன ‘வாசலில் நிற்கும் ஆள்’ இவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கமாட்டார். அதனால் தங்குமிடத்தை விடுதலைக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

நான் பாடம் நடத்தவோ புத்தகம் கொடுக்கவோ விரும்புகிறேன். யாரைப் பார்ப்பது?

பாடம் நடத்தச் சிறைத்துறையின் அனுமதி வேண்டும். அருகிலுள்ள மத்திய சிறைக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். என்ன பாடம், வாரத்தில் எந்த நாள், எத்தனை மாதம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இரண்டு வாரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க வர முடியாது என்றால் தொடங்காதீர்கள். பாதியில் விட்டுப்போகிறவர்கள் அந்த மாணவர்களுக்குப் புதிதல்ல.

புத்தகம் கொடுப்பது எளிது. சிறை நூலகங்களுக்காக ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு அமைத்து நூல்கள் திரட்டியது. நீங்கள் நேரடியாகவும் கொடுக்கலாம். வீட்டில் தேங்கிய பழைய நுழைவுத்தேர்வுக் கையேடுகளைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய எழுத்தில் அச்சான கதைப் புத்தகம், இப்போதைய பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புப் பாடநூல், தமிழ் அகராதி, எளிய ஆங்கில இலக்கணம், மோட்டார் ரிவைண்டிங், வீட்டு வயரிங் பற்றிய நூல்கள் ஆகியவற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். கம்பிச்சுருள் போட்ட நோட்டு வாசலோடு நின்றுவிடும். தைத்த நோட்டாக வாங்குங்கள்.